கல்லில் ஒரு பெயர் குறைகிறது

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுரங்க வாசலில் இருக்கும் நினைவுக் கல்லில் அப்பாவின் பெயரை யாரோ உளி வைத்துக் கொத்தி எடுத்துவிட்டார்கள். இதை முதலில் எழுதினால்தான் மற்றதெல்லாம் எழுத வரும். இப்போது கேட்கிறேன்: உன் முட்டிவலி தேவலையா? மாமா சர்க்கரை மாத்திரையை ஒளித்து வைக்காமல் போட்டுக்கொள்கிறாரா? இங்கே நாங்கள் மூவரும் சுகம்.

போன ஞாயிறு கடையை மூடிவிட்டு வேனில் மலைக்குப் போனோம். சின்னவளுக்கு அவள் தாத்தா பெயரைக் கல்லில் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. "பொண்டாட்டி புள்ளைய சுத்திக் காட்டறேன்னு சொல்லிட்டு, பழைய இரும்பு பாக்கத்தானே கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள் என் வீட்டுக்காரி. அதில் பாதி உண்மை. நான் இரும்பு வியாபாரி. தண்டவாளத்தைப் பார்த்தால் கண் தானாக எடை போடும்.

கடைசி இரண்டு வளைவில் சாலையே இல்லை. இறங்கி நடந்தோம். ஊர் என்று சொல்லக்கூடாது அக்கா, ஊரின் எலும்புக்கூடு. வரிசை வீடுகள் நிற்கின்றன, ஒன்றுக்கும் கூரை இல்லை. தகரத்தை எவனோ தொழில் தெரிந்தவன் கழற்றியிருக்கிறான், ஒரு இடத்தில்கூடக் கிழியவில்லை. தபால் ஆபீஸ் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் ஆடு படுத்திருந்தது. நம் வீட்டு அடுப்படிக்குள் ஒரு மரம் முளைத்து, கூரை இருந்த இடத்துக்கு மேலே போய்விட்டது. அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்து நாம் ஜாகை மாறியபோது நான் கைக்குழந்தை, எனக்கு அந்த வீடு ஞாபகமே இல்லை. நம்பரை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஆட்களோடு கூண்டைக் குழிக்குள் இறக்குகிற பெரிய சக்கரம் மட்டும் மேலே அப்படியே நிற்கிறது.

அப்புறம் குழி சரிந்து இறந்தவர்களின் பெயர் வெட்டிய கல்லுக்குப் போனோம். சின்னவள் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தாள். நடுவில் நின்றாள். "அப்பா, இங்க பள்ளம்தான் இருக்கு. தாத்தா பேரு எங்க?"

எட்டு வயதில் அம்மா என்னை அங்கே கூட்டிப்போய், என் கையைப் பிடித்து அந்த எழுத்துகள் மேல் வைத்தாள். அதே இடம். வெட்டு இன்னும் வெளுப்பாக இருக்கிறது, சில மாதத்துக்கு மேல் ஆகாது. கல்வேலை தெரிந்தவன் செய்ததில்லை. மொக்கை உளி, கைப்பழக்கம் கிடையாது, ஆனால் பொறுமை நிறைய. பக்கத்துப் பெயர்களில் ஒரு கீறல்கூட இல்லை.

நமக்கு அங்கே பகையாளி யாராவது இருந்தார்களா? போனில் கேட்டால் லைன் சரியில்லை என்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன். இதை நான் விடுவதாக இல்லை.

மாமாவின் தூரத்து உறவென்று உங்கள் பின்னறையில் இருக்கிறாரே பெரியவர், அவருக்குச் சின்னவள் ஒரு கம்பளித் தொப்பி வாங்கியிருக்கிறாள். லீவுக்கு வந்தபோது அவர் இருமியது அவளுக்கு மறக்கவில்லை. பார்சலில் வருகிறது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உன் தம்பி


மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ, உன் வீட்டுக்காரி, குழந்தை மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மாமாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. என் முட்டி அப்படியேதான்.

உன் கடிதம் வந்தது. உடனே எழுத முடியவில்லை, வீட்டில் வெள்ளையடித்தார்கள். கல்தானே தம்பி, அத்தனை வருஷ மழையும் வெயிலும் பட்டால் உதிரத்தான் செய்யும். அதற்காக மனசைப் போட்டு குழப்பிக்கொள்ளாதே. சாலை இல்லாத இடத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போயிருக்கிறாய், எனக்கு அதுதான் பதறுகிறது. பழைய சுவர் எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்? இனிப் போக வேண்டாம்.

அங்கே யாரிடமாவது பேசினாயா? நீ இன்னார் மகன் என்று சொன்னாயா?

தொப்பி வந்தது. பெரியவர் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குழந்தைக்கு என் முத்தம்.

அன்புடன் அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியது சந்தோஷம். எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது.

மழை சதுரமாகக் கொத்தாது அக்கா. மேல் பெயரை விட்டு, கீழ்ப் பெயரை விட்டு, நடுவில் ஒருவனை மட்டும் பார்த்து நனைக்காது. இருபது வருஷமாகத் துருப்பிடித்ததைப் புதுசென்று விற்கிறவர்களிடம் கொள்முதல் செய்கிறேன். என்னிடம் இதைச் சொல்லலாமா?

மலையடிவாரத்து டீக்கடைக்காரரிடம் பேசினேன். ஆமாம், இன்னார் மகன் என்று சொல்லித்தான் பேசினேன், அதில் என்ன? உடனே மனுஷன் என் டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டார். நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை. நானும் விடவில்லை, பன் ஒன்று, பிஸ்கட் ஒன்று என்று வாங்கிக்கொண்டே நின்றேன். கடைசியில் சொன்னார்: "கீழ் ஊர்ல ஒரு தையல்காரம்மா இருக்கு. மழைக்கு முன்னாடி அடிக்கடி மேல போயிட்டு வந்துச்சு. கீழ வரும்போது கையெல்லாம் மாவு பெசஞ்ச மாதிரி வெள்ளையா இருக்கும். நான் எதையும் கேக்கல சார். நீங்களும் என்கிட்ட கேக்காதீங்க."

வரும் வாரம் அந்த அம்மாளைப் பார்க்கிறேன். கல்தச்சர் ஒருவரிடமும் பேசிவிட்டேன், அதே இடத்தில் அப்பா பெயரை இன்னும் ஆழமாக வெட்டித் தருவார்.

இன்னொன்று. எனக்கு அப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது இந்த முறைதான் உறைத்தது. அவர் இறந்தபோது நான் இடுப்புக் குழந்தை. உனக்குப் பதினாலு வயது. ஆனாலும் நீ அவரைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. குடிப்பாரா? கோபக்காரரா? பாட்டு வருமா? 'அப்பன் முகம் தெரியாமல் வளர்ந்தவன்' என்று சொல்லித்தான் முதல் சரக்கைக் கடனாக வாங்கினேன். அந்த அப்பன் எப்படிப்பட்ட ஆள் என்று அடுத்த கடிதத்திலாவது நாலு வரி எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 11

தம்பி,

போகாதே. அந்தத் தையல்காரியை நீ பார்க்க வேண்டாம். கல்லும் வேண்டாம், கல்தச்சரும் வேண்டாம். உனக்குக் கடை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, உனக்கு என்ன குறை?

என் பேச்சுக்கு மதிப்பிருந்தால் இதோடு விடு.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நாலு வரி நேற்றுத்தான் வந்தது. நலமா என்றுகூட நீ கேட்கவில்லை. நான் அதற்கு முன்பே போய் வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படி.

கடை ரொம்பச் சின்னது. ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, பின்னால் திரை, திரைக்கு அந்தப்பக்கம்தான் வீடு. என் வயதுதான் அந்த அம்மாவுக்கு. கழுத்தில் அளவு நாடா. என் வீட்டுக்காரியும் கூட வந்தாள்.

"பிளவுஸா, பாவாடையா?" என்றாள் நிமிராமல்.

"ரெண்டும் இல்ல. மலைமேல கல்லுல ஒரு பேரை யாரோ கொத்தியிருக்காங்க. அதை விசாரிச்சுட்டு வந்தேன்."

மெஷின் நிற்கவில்லை. தையல் முடிகிற வரை ஓட்டி, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, "நான்தான்" என்றாள்.

மறுப்பாள், மழுப்புவாள், அதற்கெல்லாம் தயாராகப் போயிருந்தேன். "அது எங்கப்பா பேரும்மா!" என்று கத்திவிட்டேன்.

"தெரியும். அந்தப் பேரு அங்க இருந்த வரைக்கும் உங்க வீட்லேருந்து ஒருத்தரும் எங்களை எட்டிப் பாக்கல. எடுத்ததும் வந்துட்டீங்க பாருங்க. அதுக்குத்தான் எடுத்தேன்."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல், "யாருடி அது?" என்றது. "பட்டன் தைக்க வந்திருக்காங்கம்மா" என்றாள் இவள். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்.

உனக்குத் தெரிந்ததாக இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன், எனக்கு அன்றுதான் தெரிந்தது. குழிக்குள் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை வாசலில் ஒரு பலகையில் மாட்டிவிட்டு இறங்குவானாம். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வானாம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதற்குக் கம்பெனிக்கு அந்தப் பலகைதான் சாட்சி. முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளக் கம்பெனி விடாது, தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். அதனால் ஒருவனுக்காக இன்னொருவன் இறங்கினால், அவனுடைய வில்லையை வாங்கித்தான் மாட்டுவான்.

"எங்கப்பாவை எல்லாரும் நெட்டைன்னு கூப்பிடுவாங்க. உங்கப்பாவோட ஒரே கேங்கு. அன்னைக்கு எங்கப்பாவுக்கு லீவு, உங்கப்பாவுக்கு வெளிய ஏதோ வேலை இருந்துச்சு. எங்கப்பா அவரு வில்லையை மாட்டிட்டு இறங்கினாரு. குழி சரிஞ்சுது. யாரையும் வெளிய எடுக்கல, மூடிட்டாங்க. பலகையில உங்கப்பா நம்பர் தொங்குச்சு, அவர் செத்துட்டார்னு எழுதிட்டாங்க. எங்கப்பா வில்லை எங்க வீட்டு ஆணியில தொங்குச்சு. அப்ப அவர் எங்கன்னு கேட்டாங்க. ஓடிட்டான்னு அவங்களே பதிலும் சொல்லிட்டாங்க."

"உங்கம்மா சொல்லலியா?"

"அந்த ஆபீஸ் படியில நின்னு எங்கம்மா சொல்லாத நாளில்லை. யார் கேட்டா? இன்னைக்கும் எங்கம்மா இந்த ஊர்ல ஓடிப்போனவன் பொண்டாட்டி. நான் ஓடிப்போனவன் மக. அம்மாவுக்கு வயசாச்சு. சாகறதுக்குள்ள அவர் பேரை அந்தக் கல்லுல பாக்கணும்னு ஒரே பிடிவாதம். எனக்கு வேற வழி தெரியல."

நான் வியாபாரி அக்கா. எதிரில் இருப்பவன் பொய் சொன்னால் மூக்கில் வாசனை அடிக்கும். அந்தக் கடையில் எண்ணெயும் புதுத்துணியும்தான் அடித்தது. இருந்தாலும் விடவில்லை.

"சரிம்மா, உங்கப்பாதான் உள்ள போனார்னு வெச்சுக்குவோம். அப்ப எங்கப்பா எங்க?"

"அதை நீங்க என்கிட்டயா கேக்கறீங்க? உங்க அக்காவைக் கேளுங்க."

"அக்கா அப்ப சின்னப் பொண்ணு. அவங்களை ஏன் இழுக்கறீங்க?"

"அவங்களையே கேளுங்க. அவங்களுக்குத் தெரியும்."

நான் எழுந்து, கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன். என்ன வேண்டும், சொல்லுங்கள், பேசி முடித்துவிடலாம் என்றேன். என் வீட்டுக்காரி என் கையைக் கிள்ளினாள். தையல்காரி சிரித்தாள். "இதை உங்க தராசுல ஏத்தாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரே கேள்விதான் கேட்கிறேன். அன்று அப்பா குழிக்குள் இறங்கினாரா, இல்லையா? ஒரு வார்த்தை போதும். அவள் ஏன் உன்னைக் கேட்கச் சொன்னாள் என்பதையும் எழுது.

தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், எழுதினால்தானே தெரியும்.

மூன்று வாரமாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று அவரே, "சார், உங்களுக்கு இருந்தா நான் தராமலா போவேன்?" என்று சலித்துக்கொண்டார். போன் செய்தேன், மாமா எடுத்தார், "அக்கா குளிக்கிறா" என்றார். மறுபடி செய்தேன், மறுபடி குளித்தாய். ஒரே நாளில் இத்தனை தடவை குளிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரி சொல்கிறாள், "பதில் வரலன்னாலே பதில் வந்த மாதிரிதாங்க." எனக்கு அப்படி வேண்டாம். எழுத்தில் வேண்டும், உன் கையெழுத்தில்.

கல்தச்சரை நிறுத்தி வைத்திருக்கிறேன். எந்தப் பெயரை வெட்டச் சொல்வது?

தம்பி


ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உட்கார்ந்து படி.

இல்லை. அப்பா அன்று குழிக்குப் போகவில்லை.

அவருக்குச் சுரங்க வேலை பிடிக்கவில்லை. கீழ் ஊரில் ஒரு கடை பிடிக்க இடம் பார்க்கப் போயிருந்தார். சாயங்காலம் திரும்பும்போது பாதி வழியில் சுரங்கத்து அபாயச் சங்கு ஊதியது. கொல்லைப்பக்கமாக வீட்டுக்கு வந்தார். அதற்குள் ஆபீஸில் அவர் இறந்துவிட்டதாக எழுதி, அம்மாவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். அவரைப் பார்த்ததும் அம்மா கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் கதவைத் தாழ் போட்டாள்.

அவர் ஆபீஸில் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றார். அம்மா விடவில்லை. சொன்னால் வேலை போகும், வீடு போகும், நெட்டை வீட்டுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். இறந்தவர் வீட்டில் ஒருவருக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் வேலை என்று சொன்னார்கள். அம்மா அந்த வேலையில் சேர்ந்த அன்று அவர் ஊரைவிட்டுப் போனார். கம்பெனி ஆட்கள் நடுவில் நாம் இருந்ததால் அவரால் திரும்பி வர முடியவில்லை. இங்கே, இந்தத் தூரத்து ஊரில் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தார். என்னை இந்த ஊரில் கட்டிக்கொடுத்ததும் அதனால்தான். அம்மா போன பிறகு அவரை நாங்கள் அழைத்துக்கொண்டோம். மாமாவுக்கு எல்லாம் தெரியும்.

பின்னறையில் இருக்கிறார் தம்பி. அவர்தான்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கினாள். அவன் தைரியமாக வளரட்டும், திருட்டுத்தனமாக வளர வேண்டாம் என்றாள்.

அக்கா


மே 3

அக்கா,

கடையில் நின்றுகொண்டே படித்தேன். உட்காரச் சொல்லியிருந்தாய். தராசில் சரக்கு தொங்கிக்கொண்டிருந்தது. விற்க வந்தவர் "என்ன சார், எடை சொல்லுங்க" என்றார். எனக்கு எண்ணே தெரியவில்லை. நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அந்த மனுஷன் பயந்துபோய்ச் சரியாகச் சொன்னார்.

எத்தனை தடவை உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன்! அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். "பெரியவரே, அந்த செருப்பை இப்படித் தள்ளி வைங்க" என்று சொல்லியிருக்கிறேன். குனிந்து எடுத்து வைத்தார். மாமாவிடம், "எதுக்கு இந்த ஆளை வெச்சு சோறு போடறீங்க, ஏதாவது முதியோர் இல்லத்துல விட்டா என்ன?" என்று அவர் காதுபடக் கேட்டிருக்கிறேன். மாமா எழுந்து கை கழுவப் போனார், இப்போதுதான் ஏனென்று புரிகிறது. என் பழைய சட்டைகளைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். தோள் கச்சிதமாக இருந்தது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. இரும்பைத் தட்டிப் பார்த்தே எந்த ஊர் உலை என்று சொல்கிறவன் நான்!

அம்மா என் கையைப் பிடித்து அந்தக் கல்லில் வைத்தாளே, அது என்ன நாடகம்? யாருக்காக? என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

என் வீட்டுக்காரி கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலை நிறுத்திவிட்டாள். சின்னவள்தான், "பின்னறைத் தாத்தா நிஜத் தாத்தாவா?" என்று கேட்டு, அவ்வளவுதானா என்பதுபோல் விளையாடப் போய்விட்டாள்.

அவரைத் திட்டி எழுத நாலு தாள் கிழித்தேன். இப்போது ஒன்றுதான் கேட்கிறேன். திரைக்குப் பின்னால் ஒரு அம்மாள் காத்துக்கொண்டிருக்கிறார். நான் போய்ச் சொன்னால் செல்லாது, நீ சொன்னாலும் செல்லாது. உள்ளே போகாதவர் வந்து, நான் போகவில்லை என்று சொன்னால்தான் போனவர் யாரென்று ஆகும். அவர் வர வேண்டும்.

நீ இன்னும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதவில்லை. அவள் ஏன் உன்னைக் கேட்கச் சொன்னாள்?

தம்பி


மே 16

அன்புத் தம்பிக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் நலம்தானே? மாமா நன்றாக இருக்கிறார். என் முட்டி இந்த மாதம் ரொம்ப மோசம், மாடிப்படிகூட ஏற முடியவில்லை.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். செருப்பு வந்த இடத்தில் நிறுத்தினேன். "படி, படி" என்றார். முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் செத்தவனாவே இருந்துட்டுப் போயிடறேனேம்மா, இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றார். ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் என்னிடம், "அந்தம்மா உசுரோட இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "அப்ப பையை எடு" என்றார்.

மாமா அழைத்து வருகிறார். வரும் வெள்ளிக்கிழமை ரயில். அவருக்குக் காரம் ஆகாது. ராத்திரியில் விளக்கை முழுசாக அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

நான் வரவில்லை. என் முட்டியோடு அவ்வளவு தூரம் முடியாது. நீ பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார். அப்பா இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறார், இருமல் இல்லை. நாங்கள் சுகம் என்று எழுத முடியாது, உயிரோடு இருக்கிறோம்.

ஸ்டேஷனில் 'அப்பா' என்று கூப்பிட வாய் வரவில்லை. "பெரியவரே" என்றேன். திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வருகிற வரை மூன்று பேரும் தண்டவாளத்து விலையைப் பற்றித்தான் பேசினோம்.

மறுநாள் மத்தியானம் தையல்கடைக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே அவர் நின்றுவிட்டார். நான் தோளைப் பிடித்துத் தள்ளத்தான் வேண்டியிருந்தது. தையல்காரி அவரை மேலும் கீழும் பார்த்தாள், மெஷினிலிருந்து காலை எடுத்தாள், திரையை முழுசாக விலக்கினாள். கட்டிலில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். கண் நன்றாகத் தெரிகிறது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ எவ்ளோ கெழவனாயிட்டே!" என்றார். அப்புறம், "அவரு இந்த வயசைப் பாக்கலையே" என்றார்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்பு அது இதுவென்று ஏதோ ஆரம்பித்தார். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் வேணாம். வில்லையை வாங்கிட்டுப் போனப்ப உன்கிட்ட கடைசியா என்ன சொன்னாரு? அதைச் சொல்லு."

அப்பா யோசிக்கவே இல்லை. "சோப்பு தீந்துபோச்சுடா, கீழ போனா ஒரு சோப்பு வாங்கிட்டு வான்னாரு."

"வாங்கினியா?"

"வாங்கிட்டுத்தான் வந்தேன்."

அந்த அம்மாள் மகள் பக்கம் திரும்பினார். முகம் அப்படியே மாறிவிட்டது அக்கா, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "கேட்டியாடி? ஓடிப்போறவன் சாயங்காலத்துக்கு சோப்பு வாங்கிட்டு வரச் சொல்லுவானா? கேட்டியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தையல்காரி மேஜையில் கிடந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அது யாருடைய பிளவுஸோ, முழுக்க நனைந்துவிட்டது.

கொஞ்சம் ஓய்ந்ததும் அந்த அம்மாள் என்னைக் கேட்டார். "கதவைத் தெறந்த பொண்ணு எங்க? வரலியா?"

எந்தக் கதவு என்றேன். அவரே சொன்னார். குழி சரிந்த மறுநாள் கைக்குழந்தையோடு வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டினாராம். நீதான் திறந்தாயாம். "உங்கப்பா குழிக்குப் போகலதானே, எங்க வீட்டுக்காரர்தானே போனாரு, நீ சொல்லும்மா, நீ சொன்னா நம்புவாங்க" என்று உன் மோவாயைப் பிடித்துக் கேட்டாராம். நீ அவர் கண்ணைப் பார்த்து, "அப்பாதான் போனாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாயாம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் உள்ளதான் இருந்தேன். விறகுக்குப் பின்னால. எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

இரண்டு கடிதமாக நான் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே கிடைத்தது. உன்னைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, பதினாலு வயதுப் பிள்ளையை வாசலுக்கு அனுப்பிவிட்டு உள்ளே நின்ற இரண்டு பெரியவர்களை நினைத்தால்தான் கோபம் வருகிறது. ஆனால் அந்த அம்மாளிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? அவர் கணக்கில் சாத்திய கை உன்னுடையது.

பிறகு பேச உட்கார்ந்தோம். எவ்வளவோ பேரம் பார்த்தவன் நான், இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்ததில்லை. கூட்டம் வேண்டாம், இரண்டு குடும்பம் மட்டும் இருந்து முடித்துக்கொள்வோம் என்று ஒன்றே ஒன்று கேட்டுப் பார்த்தேன். "ஓடிப்போனான்னு ரெண்டு குடும்பம் மட்டுமா சார் சொல்லிச்சு?" என்றாள் தையல்காரி.

ஒத்துக்கொண்டது இது. கொத்திய இடத்தில் நெட்டையின் முழுப் பெயரும் வரும், மற்ற பெயர்கள் இருக்கும் அதே அளவு எழுத்தில். கல்தச்சர் கூலி மட்டும் என் பொறுப்பு, அதற்கு மேல் நான் எதையும் நீட்டக் கூடாது. வெட்டி முடிகிற அன்று, குழியில் ஆளை இழந்த மற்ற குடும்பங்களையும் கீழ் ஊர்க்காரர்களையும் தையல்காரி வரச் சொல்வாள். அப்பா கல் பக்கத்தில் நின்று, அன்று எங்கே இருந்தார், மறுநாள் எங்கே நின்றார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் பெயர் அவர் இறந்த பிறகும் அந்தக் கல்லில் ஏறக் கூடாது. கடைசியாக, நீ வர வேண்டும். அந்த அம்மாள் அன்று வாசலில் கேட்ட அதே கேள்வியை உன்னிடம் மறுபடி கேட்பார், நீ எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். முட்டிவலி என்றால் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போக ஆள் ஏற்பாடு செய்கிறேன். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை. உன் சார்பில் சரி என்று சொல்லிவிட்டேன்.

தம்பி